மணிக்கு நூறு நிமிஷம்

விமானம் ஓட்ட லைசென்ஸ் வைத்திருந்த டைம் கீப்பர் நான். இதைச் சொன்னால் இன்றைக்கும் ஆட்கள் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். தொண்ணூற்றொன்றாம் வருடம், பெங்களூர் ரோட்டில் ஸ்ரீபெரும்புதூருக்குக் கொஞ்சம் முன்னால் இருந்த அந்தத் தொழிற்சாலையில் தினம் மூன்று ஷிப்ட் ஆட்களும் சிரித்தார்கள். அதையே தாங்கியவன் நான்.

அப்போது இருங்காட்டுக்கோட்டையில் கார் கம்பெனி கிடையாது. வல்லம் வடகால் பக்கம் போனால் நெல் வயலும் ஏரியும்தான். ரோட்டோரம் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சில தொழிற்சாலைகள் இருந்தன. எங்களுடையது லாரிகளுக்கான பல்சக்கரம் செய்யும் இடம். அந்த வருடம் எங்கள் ஊர்ப் பெயர் உலகத்துப் பத்திரிகைகளில் எல்லாம் வந்தது. அதைப் பற்றி எழுத வேண்டியவர்கள் எழுதிவிட்டார்கள். நான் எழுதப்போவது என்னுடைய ஒரு மணி ஐம்பத்தைந்து நிமிடத்தைப் பற்றி. உலகத்தில் வேறு யாருக்கும் அது தேவைப்படவில்லை.

நாலு வருடம் முன்பே ஒற்றை இன்ஜின் விமானத்தில் பயிற்சி எடுத்து, தொழில்முறை விமானி லைசென்ஸ் வாங்கியிருந்தேன். அதற்கான பணம் எங்கிருந்து வந்தது என்ற கதையை இங்கே இழுக்க மாட்டேன். லைசென்ஸ் வந்தது, வேலை வரவில்லை. அரசாங்கக் கம்பெனிகள் ஆள் எடுக்கவில்லை, தனியார் கம்பெனி என்று ஒன்று இல்லவே இல்லை. சும்மா உட்கார்ந்திருக்க முடியாமல், மண்ணூரில் கட்டிக்கொடுத்திருந்த என் அக்கா வீட்டில் தங்கி, இந்தத் தொழிற்சாலையின் டைம் ஆபீஸில் சேர்ந்தேன். கேட்டுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன அறை. வருகிறவர்கள் அட்டையைக் கடிகாரத்தில் செருகி நேரம் அடித்துக்கொண்டு உள்ளே போவார்கள். யார் எத்தனை மணி நேரம் வேலை செய்தார் என்று எழுதுவது என் வேலை. சேர்ந்த இரண்டாம் நாளே என் பெயர் போய்விட்டது. எல்லோருக்கும் நான் 'பைலட்டு'.

டைம் ஆபீஸில் ஒரு விசித்திரம் உண்டு. அங்கே ஒரு மணிக்கு நூறு நிமிஷம். கூட்டிப் பெருக்க வசதியாக, கால் மணி நேரத்தை 0.25 என்றும், அரை மணியை 0.50 என்றும், முக்கால் மணியை 0.75 என்றும் எழுதுவோம். இருபது நிமிடம் என்றால் 0.33. இதற்கான அட்டவணை என் மேஜைக் கண்ணாடிக்கு அடியில் இருந்தது. முதல் மாதம் அதைப் பார்த்து எழுதினேன். மூன்று வருடத்தில் கண்ணை மூடிக்கொண்டு எழுதும் அளவுக்குக் கை பழகிவிட்டது. அந்தக் கைதான் என்னைக் கவிழ்த்தது.

நல்ல டைம் கீப்பர் என்று எனக்குப் பெயர். கறார் என்று இன்னொரு பெயர். கிரைண்டிங் செக்‌ஷனில் ஓர் அண்ணன் இருந்தார், வல்லத்துக்காரர், ஐம்பது வயதுக்கு மேல். ஒருநாள் காலையில் ஒரு துண்டுக் காகிதத்தோடு என் ஜன்னலுக்கு வந்தார். முந்தின நாள் ஷிப்ட் நாலு மணிக்கு முடிந்தும், அவசர வேலை என்று சூப்பர்வைசர் நிறுத்தி வைத்ததால் ஆறு வரை மிஷின் ஓட்டியிருக்கிறார். வெளியே வந்தால் கேட்டில் கடிகாரம் நின்றுபோயிருந்தது. நேரத்தைக் கையால் எழுதிக்கொண்டு வந்திருந்தார்.

"சூப்பர்வைசர் சைன் வேணுமேண்ணே," என்றேன்.

"அவரு எங்க கீறாரு? நேத்து ராத்திரியே ஓசூருக்கு மாத்திக்கினு பூட்டாரே."

"அப்ப ஒண்ணும் பண்ண முடியாதுண்ணே. கார்டு என்ன சொல்லுதோ அதுதான் நேரம்."

"ரெண்டு மணி நேரம் நின்னேன்பா. மிஷினக் கேளு, அது சொல்லும்."

பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். காகிதத்தை வாங்கி டிராயரில் போட்டேன். அவர் கோபப்படவில்லை. அட்டையை அடித்துக்கொண்டு உள்ளே போனார். இதை அன்றே மறந்துவிட்டேன்.

அந்தச் சமயத்தில்தான் கடிதம் வந்தது. பம்பாயில் புதிதாகத் தொடங்கவிருந்த ஒரு தனியார் விமானக் கம்பெனி, என் பழைய விண்ணப்பம் ஒன்றை எங்கிருந்தோ தோண்டி எடுத்திருந்தது. இரண்டு இன்ஜின் விமானம் ஓட்டும் தகுதியை லைசென்ஸில் ஏற்றிக்கொண்டு வந்தால் எடுத்துக்கொள்கிறோம் என்று எழுதியிருந்தார்கள். கெடு தேதி தீபாவளிக்குப் பத்து நாள் முன்பு. மூன்று மாதம் இருந்தது. எனக்கு வயது முப்பதை நெருங்கிக்கொண்டிருந்தது. இதை விட்டால் இன்னொரு கடிதம் வராது என்று எனக்குத் தெரியும்.

அந்தத் தகுதிக்கு எங்கள் பயிற்சிப் பள்ளியில் கேட்டது பத்து மணி நேரம். பயிற்சியாளரோடு இரட்டை இன்ஜின் விமானத்தில் பத்து மணி நேரம் பறந்து, அதை லாக் புக்கில் எழுதி, பள்ளியின் தலைமைப் பயிற்சியாளரிடம் சான்று வாங்க வேண்டும். அதன் பிறகுதான் டெஸ்ட். சக்கரம் அசைந்த நிமிடத்திலிருந்து மறுபடி நிற்கும் நிமிடம் வரை கணக்கு. பள்ளியில் இருந்தது ஒரே ஓர் இரட்டை இன்ஜின் விமானம். அதற்கு வரிசையில் நின்று, வார விடுமுறைக்கு ஒன்று என்று ஏழு தடவை பறந்தேன்.

பயிற்சிக்கான வான்பகுதி செம்பரம்பாக்கம் ஏரிக்கு மேற்கே, அதாவது எங்கள் ஊருக்கு மேலேயே இருந்தது. கீழே எங்கள் தொழிற்சாலையின் ஆஸ்பெஸ்டாஸ் கூரை தெரியும், மண்ணூர் தெரியும். அக்கா ஒவ்வொரு தடவையும் வாசலுக்கு ஓடி வந்து கையை ஆட்டுவாளாம். வீட்டுக்குப் போனதும், "பாத்தியாடா?" என்பாள். மூவாயிரம் அடியிலிருந்து வீடே தீப்பெட்டி. பார்த்தேன் என்று பொய் சொல்வேன். "இன்னா பொடவ கட்டியிருந்தேன், சொல்லு," என்று மடக்குவாள்.

என் பயிற்சியாளர் என்னைவிடச் சின்னவர். பேசிக்கொண்டே வந்து, நான் எதிர்பாராத நேரத்தில் ஓர் இன்ஜினின் சக்தியைக் குறைத்துவிடுவார். விமானம் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு திரும்பும். அதை நேராக வைக்க ஒரு காலால் பெடலை முழு பலத்தோடு மிதிக்க வேண்டும். "எந்தக் கால் சும்மா இருக்கு?" என்று கத்துவார். சும்மா இருக்கும் கால் எந்தப் பக்கமோ, அந்தப் பக்கத்து இன்ஜின்தான் போயிருக்கிறது. ஏழாவது தடவையில் அவர் கேட்பதற்கு முன்பே நான் சொன்னேன். அன்று தரையிறங்கியபோது எனக்கு இருந்த சந்தோஷம் கல்யாணத்தன்று கூட இருந்ததில்லை. என் மனைவி இதைப் படிக்கமாட்டாள் என்ற தைரியத்தில் எழுதுகிறேன்.

ஒவ்வொரு தடவையும் இறங்கியதும் பறந்த நேரத்தைச் சட்டைப்பையில் இருக்கும் காகிதத்தில் குறித்துக்கொள்வேன். என் சட்டைப்பையில் என்ன காகிதம் இருக்கும்? ஆபீஸில் தூக்கிப்போட்ட பழைய பஞ்ச் அட்டைகள்தான். அந்த அட்டையைக் கையில் எடுத்ததும் கை தன் வேலையைச் செய்தது. ஒன்றரை மணி நேரம் பறந்தால் 1.50. அரை மணி என்றால் 0.50.

லாக் புக்கில் உடனுக்குடன் எழுதியிருந்தால் தப்பித்திருப்பேன். ஆனால் அந்தப் பக்கம் அழகாக வரவேண்டும் என்று எனக்கு ஆசை. ஏழும் முடிந்ததும், ஒரு ஞாயிற்றுக்கிழமை தலைக்குக் குளித்து, புது மைப் பேனாவோடு உட்கார்ந்து, ஏழு அட்டைகளையும் பார்த்து வரிசையாக எழுதினேன். லாக் புக்கில் புள்ளிக்குப் பின்னால் வருவது நிஜ நிமிடம். அது எனக்கு நன்றாகத் தெரியும். அதனால் கீழே கூட்டும்போது ஒழுங்காக அறுபதால் வகுத்தேன். நிமிடங்கள் மட்டும் முந்நூற்றெட்டு வந்தன. ஐந்து மணி எட்டு நிமிடம். புள்ளிக்கு முன்னால் இருந்த ஐந்து மணியோடு சேர்த்தால் பத்து மணி எட்டு நிமிடம். எட்டு நிமிடம் உபரி! அக்காவைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவள் ஈரக் கையோடு நோட்டைத் தொட வந்தாள். நான் தட்டிவிட்டேன்.

அதே வாரம் என் பயிற்சியாளருக்குப் பம்பாயில் வேலை கிடைத்துவிட்டது. ரயிலுக்குக் கிளம்பும் நாளில் டீக்கடை வாசலில் பிடித்தேன். மோட்டார் சைக்கிளை நிறுத்தாமலே பக்கத்தின் அடியில் கையெழுத்துப் போட்டார். "பம்பாய்ல பாக்கலாம்," என்றார். அதற்கடுத்த வாரம் அந்த இரட்டை இன்ஜின் விமானத்தின் இடது இன்ஜினைக் கழற்றிவிட்டார்கள். ஏதோ ஒரு பாகம் வெளிநாட்டிலிருந்து வரவேண்டும். அந்த வருடம் வெளிநாட்டிலிருந்து எதை வரவழைக்கவும் நாட்டில் டாலர் இல்லை என்று பேப்பரில் தினம் போட்டுக்கொண்டிருந்தார்கள். எனக்குக் கவலை இல்லை. என் பத்து மணி முடிந்துவிட்டது. டெஸ்ட்டை வேறு ஊரில் கூடக் கொடுக்கலாம். வரிசையில் எனக்குப் பின்னால் இருந்தவர்களைப் பார்த்து, பாவம் என்று நினைத்தேன்.

கெடுவுக்குப் பன்னிரண்டு நாள் இருக்கும்போது சான்றுக்காகத் தலைமைப் பயிற்சியாளரிடம் போனேன். அவர் விமானப்படையில் இருந்து ஓய்வு பெற்றவர், குரல் உயர்த்தாதவர். பள்ளியின் பறப்பு ரிஜிஸ்டரையும் என் லாக் புக்கையும் பக்கத்தில் பக்கத்தில் விரித்து, விரலை வைத்துக்கொண்டே வந்தார். கடைசி வரியில் விரல் நின்றது.

"தம்பி, இது எந்தக் கடிகாரம்?"

குனிந்து பார்த்தேன். 0.75 என்று என் அழகான கையெழுத்தில் இருந்தது.

"முக்கால் மணி நேரம் சார்."

"முக்கால் மணின்னா நாப்பத்தஞ்சு நிமிஷம். நீ எழுபத்தஞ்சு போட்டிருக்கே. கூட்டும்போதும் எழுபத்தஞ்சாவே கூட்டியிருக்கே."

எனக்கு அந்த நொடியே புரிந்துவிட்டது. அவர் விரல் மேலே ஏறியது. ரிஜிஸ்டரில் ஒன்றரை மணி, என் புத்தகத்தில் ஒரு மணி ஐம்பது நிமிடம். ரிஜிஸ்டரில் அரை மணி, என் புத்தகத்தில் ஐம்பது நிமிடம். ஏழு வரியும் அப்படியே.

"தப்புன்னா ஒண்ணு கூடும், ஒண்ணு குறையும்," என்றார். "உன் தப்பு ஏழும் கூடத்தான்பா போயிருக்கு."

நான் டைம் ஆபீஸைப் பற்றிச் சொன்னேன். மேஜைக் கண்ணாடிக்கு அடியில் இருக்கும் அட்டவணையைச் சொன்னேன். பையில் இருந்த ஏழு அட்டைகளையும் எடுத்து மேஜையில் பரப்பினேன். என் குரல் எனக்கே பொய் சொல்பவன் குரலாகக் கேட்டது. திருடன் கூட இவ்வளவு விளக்கம் சொல்லமாட்டான். அவர் அட்டைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எவனோ ஒரு டர்னருடைய போன வருடத்து வருகை முன்பக்கம் இருந்தது.

"உன்ன நான் நம்பறேன்," என்றார். "ஆனா நம்பி என்ன பண்றது? ரிஜிஸ்டர் என்ன சொல்லுதோ அதுதான் நேரம்."

சிவப்பு மையால் அந்தப் பக்கத்தின் குறுக்கே ஒரு கோடு போட்டு, சரியான நேரங்களைப் பக்கத்தில் எழுதிக் கையெழுத்திட்டார். மேலே புகார் அனுப்பமாட்டேன் என்றார். அது அவர் செய்த பெரிய உதவி. ரிஜிஸ்டர்படி நான் பறந்தது எட்டு மணி ஐந்து நிமிடம். ஒரு மணி ஐம்பத்தைந்து நிமிடம் குறைவு. ஒன்றரை மணி ஒன்று, அரை மணி ஒன்று என்று இரண்டே தடவை ஏறி இறங்கினால் தீர்ந்துபோகும் விஷயம்.

ஏறுவதற்குத்தான் விமானம் இல்லை. விமானம் நிறுத்தும் ஹாங்கருக்குப் போய்ப் பார்த்தேன். இடது பக்கம் இன்ஜின் இருந்த இடத்தில் கோணிப்பையைக் கட்டியிருந்தார்கள். மெக்கானிக்கிடம் பாகம் எப்போது வரும் என்று கேட்டேன். வரும்போது வரும் என்றார். மறுநாளும் போய்க் கேட்டேன். மூன்றாம் நாள் என்னைப் பார்த்ததும் அவர் டீ குடிக்கப் போய்விட்டார். நான் அந்த விமானத்தின் சக்கரத்துக்குப் பக்கத்தில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். எந்தக் கால் சும்மா இருக்கு என்று பயிற்சியாளர் கத்துவது காதில் கேட்டது. இரண்டும்தான்.

ஸ்ரீபெரும்புதூர் பஸ் நிலையத்துக்கு எதிரில் ஒரு எஸ்.டி.டி. பூத் இருந்தது. இரட்டை இன்ஜின் விமானம் இருப்பதாகக் கேள்விப்பட்ட ஊர்களுக்கெல்லாம் அங்கிருந்து பேசினேன். ஓரிடத்தில் வரிசை இரண்டு மாதத்துக்கு நிரம்பியிருந்தது. இன்னோரிடத்தில் விமானம் இருந்தது, அதற்கான பெட்ரோல் இல்லை. மூன்றாவது இடத்தில் எடுத்தவர் என் பிரச்சினையை முழுக்கக் கேட்டுவிட்டு, தான் காவலாளி என்றும் ஆபீஸில் யாரும் இல்லை என்றும் சொன்னார். பம்பாய்க் கம்பெனிக்குக் கெடுவை நீட்டிக்கச் சொல்லித் தந்தி அடித்தேன். பதில் வரவில்லை. பயிற்சியாளருக்குக் கடிதம் எழுதினேன். அவர் என்ன செய்வார்? பறக்காத நேரத்துக்கு அவர் மட்டும் எப்படிக் கையெழுத்துப் போடுவார்?

அக்காவிடம் இரண்டு நாள் சொல்லவில்லை. மூன்றாம் நாள் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்ததைப் பார்த்து அவளே கேட்டாள். சொன்னேன். முழுவதும் புரிந்ததா தெரியவில்லை. "நான் வந்து சொல்லட்டுமாடா?" என்றாள்.

"என்னன்னு?"

"நீ ஓட்டுனத நான் பாத்தேன்னு. நம்ம வூட்டு மேலதானே சுத்துன. எதுத்த வூட்டுக்காரி கூட பாத்தா. அவளையும் இட்டுகினு வரேன்."

நான் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துவிட்டேன். உனக்கு ஒரு எழவும் புரியாது என்று கத்தினேன். அவள் மேல் எனக்கு என்ன கோபம்? அவளிடம்தான் கத்த முடிந்தது, அவ்வளவுதான். அன்று ராத்திரி அவளும் சாப்பிடவில்லை என்று மாமா காலையில் சொன்னார்.

தொழிற்சாலையில் யாரிடமும் நான் சொல்லவில்லை. பூத்துக்காரனின் தம்பி எங்கள் கேன்டீனில் வேலை செய்தான், அது போதாதா? ஒரு நாளில் செக்‌ஷன் செக்‌ஷனாகப் பரவிவிட்டது. அதற்குப் பிறகு யாரும் 'இன்னா பைலட்டு, எப்போ பறக்கப் போற?' என்று கேட்கவில்லை. தலையைக் குனிந்து அட்டையை அடித்துவிட்டுப் போனார்கள். மூன்று வருடக் கிண்டல் சட்டென்று நின்றது. என் வாழ்க்கையில் அதைவிட அசிங்கமாக நான் உணர்ந்ததில்லை.

அந்த நாட்களில் ஒருமுறை பென்சில் தேடி டிராயரை இழுத்தபோது, கிரைண்டிங் அண்ணனின் துண்டுக் காகிதம் கையில் பட்டது. நாலு முதல் ஆறு வரை என்று கோணல் எழுத்தில் எழுதியிருந்தது. அவர் சொன்னதற்கும் நான் ரிஜிஸ்டர் முன்னால் சொன்னதற்கும் ஒரு வித்தியாசம் இருந்தது. அவர் உண்மையிலேயே அந்த நேரம் வேலை செய்திருந்தார். ஓடிப்போய் அக்கவுன்ட்ஸில் கேட்டேன். அந்த மாதத்து ஷீட்டெல்லாம் எப்போதோ ஹெட் ஆபீஸுக்குப் போய்விட்டது, இனித் திருத்த முடியாது என்றார்கள். கெஞ்சிப் பார்த்தேன். "நீதானேப்பா இந்த ரூலை எங்களுக்கே சொல்லிக் கொடுத்தே?" என்று சிரித்தார்கள். காகிதத்தை மறுபடி டிராயரிலேயே போட்டேன். தூக்கி எறிய மனம் வரவில்லை.

கெடு நாள் வந்தது. அன்று காலை ஷிப்டுக்கு நான்தான் ஜன்னலில் இருந்தேன். விடுப்புப் போட்டால் வீட்டில் அக்கா முகத்தைப் பார்க்க வேண்டும். அதனால் வந்துவிட்டேன். கூட்டம் எல்லாம் உள்ளே போன பிறகு, கிரைண்டிங் அண்ணன் மட்டும் அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு ஜன்னலுக்கு வெளியே நின்றார்.

"இன்னிக்குத்தானாம்பா கடைசி?"

"ஆமாண்ணே."

"எவ்ளோ கம்மியாம்?"

"ஒரு மணி அம்பத்தஞ்சு நிமிஷம்."

அவர் மனசுக்குள் ஏதோ கணக்குப் போட்டார். உதடு அசைந்தது. பிறகு ஜன்னல் கம்பிக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுவந்து, யாருக்கும் கேட்கக் கூடாது என்பதுபோல மெதுவாகச் சொன்னார்:

"என்னுது ரெண்டு மணி நேரம் உன்கிட்ட கீதுல்ல? எனக்கு வோணாம்பா அது. உன் நோட்டுல ஏத்திக்கோ."

குத்திக் காட்டுகிறாரா என்று முகத்தைப் பார்த்தேன். இல்லை. கிண்டல் செய்கிறாரா என்று பார்த்தேன். அதுவும் இல்லை. யாரோ ஒருவர் வேலை செய்து, எந்தப் புத்தகத்திலும் ஏறாமல் கிடக்கும் நேரம், இன்னொருவருக்கு உதவினால் உதவட்டுமே என்றுதான் அவர் நினைத்தார். அது ஏன் முடியாது என்று விளக்க வாயைத் திறந்தேன்.

"நேரந்தானேபா. எங்க எழுதினா இன்னா?" என்றார்.

நான் தலையை மட்டும் ஆட்டினேன். அது சரி என்பதா, முடியாது என்பதா, எனக்கே தெரியவில்லை. அவர் சரி என்று எடுத்துக்கொண்டார் போலிருக்கிறது. திருப்தியோடு அட்டையைக் கடிகாரத்தில் அடித்துவிட்டு உள்ளே போனார். நான் ஜன்னல் கதவைச் சாத்திக்கொண்டு மேஜைக் கண்ணாடியின் மேல் தலையைக் கவிழ்த்து அழுதேன். அழுதுகொண்டே இந்தப் பாழாய்ப்போன மனசு கணக்குப் போட்டது. இந்த முறை அறுபது நிமிடக் கணக்கில், பிசகாமல். அவர் கொடுத்ததை ஏற்றிக்கொள்ள முடிந்திருந்தால், எனக்கு ஐந்து நிமிடம் மிச்சம் இருந்திருக்கும்.